முன் அறையின் மூன்று யன்னல்கள்

அந்த வீட்டை எங்களுக்குத் தந்தபோது வீட்டுக்காரர் ஒரு துண்டுக் கடுதாசியில்கூடக் கையெழுத்துக் கேட்கவில்லை. அதைப் பெரிய உபகாரமாக நினைத்தோம். இப்போது யோசித்தால் என்னை நானே அறையவேண்டும்போல இருக்கிறது.

சிட்னிக்கு வந்து இரண்டாவது வருடம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, தற்காலிக விசாவில் ஒரு கார் திருத்தும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அடிபட்ட கார்களின் பழைய பெயின்ற்றை மெஷினால் உரஞ்சி, புதுப் பெயின்ற் அடிக்கத் தயார்ப்படுத்துவது என் வேலை. மனைவிக்கு ஆறாம் மாதம். சனிக்கிழமைகளில் வீடு பார்க்கப் போவோம். ஏஜென்ற்மார் விசாவைப் பார்ப்பார்கள், பழைய வீட்டுக்காரரின் கடிதம் எங்கே என்பார்கள், பிறகு எங்களுக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள். பதினொரு வீடு பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு கலியாண வீட்டில்தான் அவரைக் கண்டோம். எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்னமே ஊரைவிட்டு வந்தவர். படித்த மனிதர். கோயில் வேலை, செத்தவீடு, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்பார். எல்லாரும் அவரை அங்கிள் என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஹோம்புஷில் தங்களுடைய பழைய வீடு சும்மா கிடக்கிறது என்றார். ஒப்பந்தம் ஏதும் எழுதவேண்டுமோ என்று கேட்டேன்.

“எங்கட ஆக்களுக்குள்ள என்னத்துக்குத் தம்பி கடுதாசி?” என்றார்.

அடுத்த கிழமை குடி போனோம். வாடகையை அவருடைய கையிலேயே கொடுத்துவந்தோம்.

செங்கல் வீடு. நூறு வருடம் இருக்கும் என்று பக்கத்து வீட்டுக் கிழவர் சொன்னார். உயர்ந்த கூரை, மரத்தரை, முன் அறையில் தெருவைப் பார்த்த மூன்று பெரிய மர யன்னல்கள். ரயில் போனால் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். மகள் அந்த வீட்டுக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். தவழ்ந்தாள். பிறகு யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். அந்த விளிம்பு அவளுடைய வாய் உயரத்துக்குச் சரியாக இருந்தது. தெருவில் நாய் போனால் விளிம்பைக் கடித்தபடியே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் படம்கூட எடுத்து வைத்திருக்கிறோம். அந்தப் படத்தை இப்போது என்னால் பார்க்க முடிவதில்லை.

யன்னல் பெயின்ற் மீன் செதில் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. பொங்கல் வரப்போகிறது, இந்தக் கோலத்தில் வீடு இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மனைவிக்குக் கவலை. நான் அங்கிளுக்கு ரெலிபோன் எடுத்தேன். திருத்தித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீடு தந்த மனிதரிடம் குறை சொல்வதா? ஆகவே பெயின்ற் கொஞ்சம் உரிந்திருக்கிறது, உங்களுக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது என்று இழுத்தேன். அவர் விளங்கிக்கொண்டார். அந்த ஞாயிறே இரண்டு வாளி வெள்ளைப் பெயின்ற்றும் ஒரு கட்டு சாண்ட் பேப்பரும் கொண்டுவந்து இறக்கினார். நீர் இந்த வேலை தெரிந்த ஆள்தானே, ஆளைப் பிடித்தால் அவன் சும்மா காசைத் தின்றுவிடுவான் என்றார். என்னென்ன செய்யவேண்டும் என்று காரிலேயே இருந்து எழுதியும் தந்தார். கையில் கிடைத்தது ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ். அதன் பின்பக்கத்தில் தமிழில், நல்ல வடிவான கையெழுத்தில் எழுதினார்.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷம். நம்பி வேலை தந்திருக்கிறார் என்ற பெருமை. என்னைப்போல ஒரு முட்டாள் சிட்னியில் இருந்திருக்க மாட்டான்.

ஜனவரி முதல் கிழமை, இங்கே நல்ல கோடை வெயில். இரண்டு நாள் லீவு எடுத்தேன். வேலை இடத்திலிருந்து உரஞ்சும் மெஷினை இரவலாகக் கொண்டுவந்தேன். மூன்று யன்னல், ஹோல் கதவின் நிலை, பின் விறாந்தைப் பலகை. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ தட்டுப் பெயின்ற். வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே கிறீம், அதற்கும் கீழே ஒரு மண்நிறம். எல்லாம் மாவாகப் பறந்தது. மனைவி ஹோலில் மகளை வைத்துக்கொண்டு சோறு தீத்தினாள். இடையிடையே தும்புத்தடியால் தூசியைக் கூட்டினாள். கூட்டக் கூட்ட அது எழும்பித் திரும்பவும் படிந்தது.

ஒன்று சொல்லவேண்டும். மெஷினோடு சேர்த்து முகமூடியும் கொண்டுவந்திருந்தேன். வேலை இடத்துப் பழக்கம், கை தானாக எடுத்துப் போட்டுக்கொண்டது. அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் என் மூக்குக்கு மட்டும் மூடி இருந்தது.

பொங்கலுக்கு அங்கிள் குடும்பத்தோடு வந்தார். வளவில் கல்லு வைத்துப் பொங்கினோம். அவர் வாழையிலையைக் கையில் வைத்துக்கொண்டே அறை அறையாகப் பார்த்தார். புது வீடு மாதிரி இருக்கு தம்பி என்று என் தோளில் தட்டினார்.

அடுத்த இரண்டு மாதத்தில் மகள் மெலிந்தாள். சாப்பாட்டைத் துப்பினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனாள். அப்பா, பால், நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அந்த மூன்றையும் விட்டுவிட்டாள். பொங்கலுக்கு வந்தவர்களின் கண் பட்டுவிட்டது என்று மனைவி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். ஒரு டொக்டர் பல் முளைக்கிறது என்றார். இன்னொருவர் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மருந்து தந்தார்.

குழந்தைகளுக்கு ஊசி போடும் கிளினிக்கில் வேலை செய்த ஒரு வெள்ளைக்கார நேர்ஸ்தான் கேட்டாள். குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று அவள் கேட்கவில்லை. உங்களுடைய வீடு எத்தனை வருடம் பழசு, அதில் யாராவது பெயின்ற் உரஞ்சினார்களா என்று கேட்டாள். நான் பெருமையாகவே சொன்னேன், நான்தான் உரஞ்சினேன் என்று.

அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

இரத்தம் எடுத்தார்கள். ஈயம், இருக்கக்கூடிய அளவின் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. எனக்கு ஈயம் என்றால் மீன் வலையில் கட்டுகிற குண்டு. அது பெயின்ற்றுக்குள் இருக்கும் என்றோ, அந்தக் காலத்துப் பெயின்ற்றில் கிலோக் கணக்காகப் போட்டார்கள் என்றோ யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். அது இனிப்பாக இருக்கும், அதனால்தான் பிள்ளைகள் கடிக்கிறார்கள். தூசி கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். வளர்கிற மூளைக்கு அது கூடாது. மருந்தைவிட முக்கியம், பிள்ளை அந்தத் தூசிக்குள் இருக்கக்கூடாது. பதிவு பெற்ற ஆட்கள் வந்து வீட்டை ஒழுங்காகச் சுத்தம் செய்யும்வரை திரும்பிப் போகவேண்டாம் என்றாள்.

திரும்பிப் போகாமல் எங்கே போவது? என்னோடு வேலை செய்த ஒருவனின் ஓர் அறை யுனிற்றில், ஹோலில் மெத்தை போட்டுப் படுத்தோம். அவனுடைய தாய் தகப்பன் இரண்டு மாதத்தில் ஊரிலிருந்து வர இருந்தார்கள். அதற்குள் அந்த வீடு சுத்தமாக வேண்டும். அல்லது வேறு வீடு கிடைக்கவேண்டும். வேறு வீடு கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீடும் சுத்தமாகாவிட்டால் மகளை அந்தத் தூசிக்குள் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். நிலைமை அவ்வளவுதான்.

அங்கிளிடம் போனேன். நல்ல மனிதர், கேட்டால் செய்வார் என்று மனைவிக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன். தேத்தண்ணி தந்து கதிரையில் இருத்தினார். இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட பிள்ளையள் மூண்டும் அந்த வீட்டிலதான் வளர்ந்தவை. ஒண்டும் நடக்கேல்லை.”

நடந்ததற்குத் தாள் இருக்கிறது என்றேன். சுத்தம் செய்கிற ஆட்களைப் பிடித்துத் தந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

“தம்பி, உரஞ்சினது நீர்தானே? நான் வந்து உரஞ்சினனானோ?”

நீங்கள்தானே எழுதித் தந்தீர்கள் என்றேன். தனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை என்றார். சத்தம் போடவில்லை. அவருக்குச் சத்தம் போடத் தேவையும் இருக்கவில்லை. நீர் இன்னும் நிரந்தர விசா எடுக்கவில்லை, வழக்கு அது இது என்று உம்முடைய பெயர் அடிபட்டால் குடிவரவுக்காரர் பார்ப்பார்கள், உம்முடைய நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார்.

என்னோடு வந்தவர்களில் இரண்டு பேர் அந்த நேரம் வில்லாவுட் தடுப்பு முகாமில் கம்பிக்குள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறவன் நான். அவர் எங்கே தொட்டார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். நாலு கெட்ட வார்த்தை தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். பயந்துவிட்டேன். அதை மறைத்து என்ன?

மனைவி பயப்படவில்லை. அல்லது பயத்தோடே போனாள். நேர்ஸ் ஒரு இடம் சொல்லியிருந்தாள். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். நான் வேலைக்குப் போன நேரம் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பின்னேரம் வந்து சொன்னாள். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும், வாடகை கொடுத்து இருந்தால் சட்டப்படி நாங்கள் குடியிருப்பாளர்கள். வீட்டை இருக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. முறைப்பாடு செய்ததற்காக வீட்டைவிட்டு எழுப்பப் பார்த்தால் அதையும் எதிர்க்கலாம். விசாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“இவ்வளவு நாளும் எங்களுக்கு உரிமை இருந்திருக்குதப்பா. நாங்கள்தான் நன்றி சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறம்” என்றாள்.

ஆனால் அந்த அறையில் இருந்த பெண் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் சொல்லித்தான் உரஞ்சினீர்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா? அவருடைய அனுமதி இல்லாமல் உரஞ்சினீர்கள் என்றால் பிழை உங்கள் பக்கம் திரும்பலாம்.

ஆதாரம் இல்லை. அந்த நோட்டீஸை நான் வேலை முடிந்த அன்றைக்கே பழைய பெயின்ற்ச் சருகோடு குப்பையில் போட்டுவிட்டேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆதாரம் இருக்கோ இல்லையோ, அவள் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை சாமான் எடுக்க வீட்டுக்குப் போனோம். மகளை எங்களுக்கு இடம் தந்த நண்பனின் மனைவியிடம் விட்டுவிட்டு, சப்பாத்துக்கு மேலால் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து எடுத்தோம். மனைவி சாமித்தட்டுக்குப் போனாள். படங்களுக்குப் பின்னால் அவள் ஒரு கட்டு வைத்திருப்பாள். பழைய கலண்டர், கலியாணக் கார்ட், சாம்பிராணிப் பெட்டி, சாமி படம் அச்சடித்த எந்தக் கடுதாசியானாலும் அதில் இருக்கும். சாமி படத்தைக் குப்பையில் போடக்கூடாது. அதை என்னதான் செய்வது என்றும் இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே சேர்த்துக்கொண்டே போவாள். குப்பை சேர்க்கிறாய் என்று நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன்.

கட்டின் நடுவிலிருந்து ஒன்றை இழுத்து என்னிடம் நீட்டினாள். மயிலோடு முருகன். திருப்பினேன்.

“முன் அறை யன்னல் 3. நன்றாக உரஞ்சி இரண்டு தரம் அடிக்கவும். ஹோல் கதவு நிலை. பின் விறாந்தைப் பலகை. பொங்கலுக்கு முன் முடிக்கவும்.”

“குப்பை வாளிக்குள்ள கிடந்தது. முருகனைப் போய் பெயின்ற்ச் சருகுக்குள்ள போட்டிருந்தீங்கள். எடுத்துத் துடைச்சு வைச்சனான்” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நான் வாங்கியிருப்பேன்.

விசாரணை நகரத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது. கோட்டு கவுன் ஒன்றும் இல்லை. ஒரு மேசை, நாலைந்து கதிரை, நடுவராக ஒரு பெண். மொழிபெயர்க்க ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை வந்திருந்தாள். அங்கிள் ரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். இவர்கள் தங்கள் பாட்டுக்கு வீட்டை உரஞ்சிவிட்டார்கள், தான் ஒருபோதும் கேட்கவில்லை என்று அவர் நல்ல இங்கிலிஷில் சொன்னார். கேட்கவே நம்பவேண்டும்போல இருந்தது. மனைவி நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் அதை வாசித்தாள். பிறகு நடுவர் அதை அவரிடம் தள்ளி, இது உங்களுடைய கையெழுத்தா என்று கேட்டார்.

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருடைய தமிழ்க் கையெழுத்தை அந்த அறையில் எங்களைத் தவிர வேறு யார் கண்டிருக்கிறார்கள்? நான் அதற்குத்தான் காத்திருந்தேன். சொன்னால் எழும்பிக் கத்துவதென்று இருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். திருப்பிப் படத்தைப் பார்த்தார். திரும்பவும் பின்பக்கம் பார்த்தார். முன் அறை என்று எழுதிய இடத்தில் அவருடைய பெருவிரல் நின்றது.

“ஓம். என்ட எழுத்துத்தான்” என்று தமிழிலேயே சொன்னார்.

நான்கு கிழமைக்குள் பதிவு பெற்ற ஆட்களைக் கொண்டு வீட்டைச் சுத்தம் செய்து யன்னல்களைப் பாதுகாப்பாக்கவேண்டும், அதுவரை வாடகை இல்லை, வேறு வீடு கிடைத்தால் நாங்கள் எப்போதும் விட்டுவிட்டுப் போகலாம் என்று தீர்ப்பு. மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். மொத்தமாக முக்கால் மணித்தியாலம் எடுத்திருக்கும்.

கீழே இறங்கித் தெருவுக்கு வந்தோம். அவர் பின்னால் வந்தார். திட்ட வருகிறார் என்று நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“தம்பி, அந்த ரத்தப் பரிசோதனை. பெரிய ஆக்களுக்கும் செய்யலாமோ?”

தனக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய கடைசி மகளைப் பற்றித்தான் பேச்சு. அவர் அந்த வீட்டை வாங்கியபோது அவளுக்கு எட்டு மாதம். முன் அறையை, அதே மூன்று யன்னலை, அவரே ஒரு சனி ஞாயிறில் உரஞ்சினாராம். பிள்ளை அந்த அறையில்தான் படுத்ததாம். மூத்த இரண்டு பேரும் அப்போது பெரிய பிள்ளைகள், நன்றாகப் படித்தார்கள். இவளுக்குப் படிப்பு ஏறவில்லை. மூன்று ரியூஷன் வைத்தார். கணக்கு வராது. அடிமட்டத்தால் அடித்திருக்கிறார். சோம்பேறி, மாடு என்று சனத்துக்கு முன்னால் பேசியிருக்கிறார். இப்போது அவள் மெல்பேர்னில், ட்ருகனினாவில் ஏதோ ஒரு ஸ்டோரில் பெட்டி அடுக்குகிறாள். மூன்று வருடமாக வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பதில்லை.

“நீர் அண்டைக்கு அந்தத் தாளைக் காட்டினதில இருந்து எனக்கு நித்திரை இல்லை” என்றார்.

உரஞ்சினது நீங்கள்தானே? அந்தச் சொல் என் வாயில் தயாராக இருந்தது. அவரே எனக்குத் தந்த சொல். திருப்பிக் கொடுக்க எனக்கு முழு உரிமையும் இருந்தது. அவருடைய ரை ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார். நானும் மெஷினைக் கையில் பிடித்தவன்தான். எனக்கு இருபது வருடம் முந்தி அவர் வந்ததைத் தவிர எங்களுக்குள் என்ன வித்தியாசம்?

நேர்ஸ் சொன்னதைச் சொன்னேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது இரத்தத்தில் தெரியாது. எலும்புக்குள் போய்விடும். அதுதான் காரணமா இல்லையா என்று இனி யாராலும் சொல்லமுடியாது.

“அப்ப நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

மனைவிதான் சொன்னாள்.

“அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா ரெலிபோன் எடுங்கோ அங்கிள். காரணத்தைப் பிறகு பாக்கலாம்.”

அவர் மூன்றாம் கிழமையே ஆட்களை விட்டுச் செய்து முடித்தார். யன்னல் மூன்றையும் முழுதாகக் கழற்றிவிட்டுப் புது யன்னல் போட்டார். அந்த வீட்டில் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தோம், இந்தமுறை கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோடு. அவர் மகளுக்கு ரெலிபோன் எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. மேய்ஸ் ஹில் கோயிலில் எப்போதாவது கண்டால் என் மகளின் தலையில் கை வைத்து, எத்தனை என்று கேட்பார். வயதைக் கேட்கவில்லை என்று எனக்கும் மனைவிக்கும் தெரியும். கடைசி இரத்தப் பரிசோதனையின் எண்ணைச் சொல்வேன். அது ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டு வந்தது. ஒரு நாள், இனிப் பரிசோதிக்கத் தேவையில்லை என்று நேர்ஸ் சொன்னாள். அதையும் அவருக்குச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாகக் கதைக்கிறாள், தேவைக்கு மேலாகவே. போன மாதம் ஏழையும் இரண்டையும் கூட்டச் சொன்னேன். விரலை மடக்கி எண்ணி எட்டு என்றாள். நான் திரும்பவும் கேட்டேன். திரும்பவும் எட்டு. எனக்குக் கோபம் வந்தது, நான் அப்படிப்பட்ட ஆள். வாயைத் திறக்கப் போனேன். குசினி வாசலில் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பிள்ளையும் விடுகிற பிழைதான் அது என்று ரீச்சர் சொல்வார். அப்படித்தான் இருக்கும். அல்லது நான் உரஞ்சிய அந்த இரண்டு நாளாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

அவளுடைய விரல்களைப் பிடித்து விரித்தேன். முதலிலிருந்து எண்ணுவோம் என்றேன்.